இன்னொரு கை

கரியையும் துருவையும் தேய்த்து எடுத்ததும் அவனுடைய கை தெரிந்தது.

வேலைக்குழிக்குள் நின்று, மேலே நின்ற காரின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கம்பி பிரஷ். இன்னொன்றில் டார்ச்.

இடமிருந்து தொடங்கி, அடுக்கடுக்காக ஓடி, முடிகிற இடத்தில் மிளகளவுக்கு ஓர் உருண்டை.

சென்னியப்பன் வைத்த வெல்டிங். வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை.

அவனோடு குடும்பம் நடத்தி, ஒரே பட்டறையில் நின்று, பிறகு கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து வந்தவள். அவளுக்குத் தெரியாதா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு. தரையோடு தரையாகப் போவது. வேகத்தடையில் அடிபட்டு, சைலன்சருக்கு முன்னால் பைப் கிழிந்துவிட்டது. காலையில் அது அவள் பட்டறை இருக்கும் கணபதிப் பகுதிக்குள் நுழைந்தபோதே தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படி ஓர் இரைச்சல். ஓட்டி வந்த வித்யாதரனுக்குப் பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில்.

பொள்ளாச்சி என்றபோதே அவள் யோசித்திருக்க வேண்டும். சென்னியப்பன் இப்போது அங்கேதான் பட்டறை போட்டிருக்கிறான்.

இருந்துவிட்டுப் போகட்டும். இரும்புதானே.

பிரஷைக் கொஞ்சம் தள்ளித் தேய்த்தாள்.

பக்கத்தில் இன்னொரு வெல்டிங்.

கோணல். ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, பயந்து பயந்து நகர்ந்திருந்தது. பழகுகிற கை.

பைப் அந்த இடத்தில் பின் அச்சுக்கு மேலே வளைந்து ஏறுகிறது. பைப்பைப் புதிதாகப் பொருத்துவதென்றால் அங்கே ஒற்றை ஆளால் முடியாது. ஒருவர் வைக்க, ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். தோளோடு தோள் இடிக்கும். மூச்சு கன்னத்தில் படும்.

முன்பெல்லாம் அவள்தான் பிடிப்பாள்.

அவன் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான், வேலையும் பழக்குகிறான் என்று காதில் விழுந்துதான் இருந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள்.

இப்போது டார்ச்சை அதிலிருந்து எடுக்க முடியவில்லை.

அது கோணலாக இருந்ததற்காக இல்லை. அதை அவன் அப்படியே விட்டுவைத்திருந்ததற்காக.

அவள் வைத்த எதையும் அவன் விட்டதில்லை. கிரைண்டரை எடுப்பான். சுத்தமாக வழித்துவிட்டு, அதே இடத்தில் தான் ஒன்று வைப்பான். திட்டியதில்லை. முகம் சுளித்ததில்லை. கஸ்டமர் வண்டி என்பான், அவ்வளவுதான். அவளுக்குக் கை தேறிய பிறகும் அப்படித்தான். அந்தப் பட்டறையிலிருந்து ஒரு வண்டிகூட அவள் வெல்டிங்கோடு வெளியே போனதில்லை.

இதுவும் கஸ்டமர் வண்டிதான்.

பேட்டரி வயரைக் கழற்றினாள். கிழிந்த பகுதியை அறுத்தெடுத்தாள். புதுத் துண்டை வெட்டிப் பொருத்தி, முகமூடியை இறக்கிக்கொண்டு சுற்றிலும் வெல்டிங் வைத்தாள். பைப்பைத் தாங்குகிற ரப்பர்களும் பிய்ந்திருந்தன. மாற்றினாள்.

வந்த வேலை முடிந்தது.

அந்தக் கோணல் வெல்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அவ்வளவு பெரிய அடியிலும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிரைண்டரை எடுத்தாள்.

பொறி கழுத்தில் விழுந்தது. தட்டிவிடவில்லை. கோணலும் தடிப்பும் தூளாகிக் குழிக்குள் உதிர்ந்தன. வெறும் பைப் பளபளத்ததும் அங்கே தன்னுடையதை வைத்தாள். நூல் பிடித்ததுபோல் வந்தது. பக்கத்திலிருந்த சென்னியப்பனுடையதைவிடச் சுத்தம்.

நெஞ்சு ஆறிற்று.

மேலே ஏறி வந்து, பேட்டரி வயரை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னாள். இரைச்சல் போய்விட்டது. அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் மட்டும். வித்யாதரன் குழந்தைபோல் சிரித்தார்.

சிரித்த வாக்கில்தான் சொன்னார். முதலில் பொள்ளாச்சிப் பட்டறைக்குத்தான் போனாராம். சென்னியப்பன் ஊரில் இல்லை. நாளைக்குத்தான் வருவாராம். அங்கிருந்த பெண்தான், ரேணு என்று பேர், விலாசம் சொல்லி இங்கே அனுப்பிவைத்தாளாம்.

"அவருக்குக் கோபம் வந்தா உங்க வேலையத்தான் சொல்லிக் காட்டுவாராமுங்க, அம்மிணி. அவ கையில இருக்கற சுத்தம் உனக்கு வராதுன்னு. அதனால முடிச்சதும் அந்தப் பொண்ணு நேரா அங்க கொண்டாரச் சொல்லியிருக்குது. அது முதமுதலா வெச்ச வெல்டிங் இந்த வண்டியிலதான் இருக்குதாம். அதுக்குப் பக்கத்துல உங்க கை எப்படி இருக்குதுன்னு பாக்கோணுமாம்."

அவள் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சுத்தம் என்றா சொன்னான்?

ஒரு நாள், ஒரு வார்த்தை, அவள் காதுபடச் சொன்னதில்லை.

குழிக்குள் மறுபடி இறங்கினாள். டார்ச்சை அடித்து, அந்த வளைவில் தேடினாள். ஓரத்தில், இடுக்கில். கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

இல்லை. நன்றாகத்தான் வழித்திருந்தாள்.

ஏதாவது கோளாறா என்று மேலிருந்து வித்யாதரன் கேட்டார்.

அவள் ஏறி வந்து குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நகக்கண்ணில் கரி போகவில்லை. சாயங்காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. வித்யாதரன் காரை வெளியே எடுத்ததும் பட்டறையின் ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டினாள்.

காரின் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"நானும் வர்றேனுங்க."