மூச்சுக் குழாய்

“இந்தக் குழாயை மாத்திட்டேன்னு வை, தண்ணித்தொட்டி மேட்டுல நம்ம வண்டி வர்ற வேகத்தைப் பார்த்துட்டு, முன்னால போற தீயணைப்பு வண்டியே ஓரமா ஒதுங்கி வழி விடும்” என்றார் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேலையில் இருந்தவரை, அவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு லிஃப்ட்டும் மேலே போனதில்லை. இப்போது அவருடைய சொந்தக் கார்தான் மேலே போக மாட்டேன் என்றது.

“தீயணைப்பு வண்டியெல்லாம் எதுக்குங்க? போன வாரம் ஐஸ் வண்டிக்காரர் பெடலை மிதிச்சுக்கிட்டே நம்மளைத் தாண்டிப் போனாரே, முதல்ல அவரை முந்துங்க” என்றாள் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

அது பொய்யில்லை. சிவப்பு டர்போ கார். வாங்கிய புதிதில் பாய்ந்தது. ஒரு வருடமாகத்தான் மேட்டைக் கண்டாலே இளைப்பு வந்தவர் மாதிரி பாதி வழியில் முனகியது. மனைவி கெடு வைத்துவிட்டாள். இன்று அந்த மேட்டை ஒழுங்காக ஏறினால், எல்லார் முன்னாலும் அதை ஒப்புக்கொண்டு, விற்கிற பேச்சையே விட்டுவிடுவாள். ஏறாவிட்டால் காரை அவள் தம்பிக்கே விற்றுச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். தம்பியோ பொறுமை இல்லாமல் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து, கார் சீட்டைத் தனக்குத் தோதாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் மேசைமேல் சரக்கைப் பரப்பினான். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆரம்பித்தான். இன்ஸ்பெக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பனியனை மாற்றினால் பயில்வான் ஆகிவிட முடியுமா என்று கேட்டார்.

அடுத்தது, பெட்டியே இல்லாமல் இன்ஜின் பக்கத்தில் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர். அது மாட்டிய வேறொரு காரை மெக்கானிக் முடுக்கிக் காட்டினான். டர்போ காற்றை உறிஞ்சிய சத்தத்தில் இன்ஸ்பெக்டருக்குத் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்றன. இதேதான் வேண்டும் என்று துள்ளினார்.

“இது எங்கேருந்து காத்து இழுக்கும்?” என்றாள் மனைவி.

“பானெட்டுக்குள்ளேருந்துதாம்மா.”

“இன்ஜின் சூட்டையா? அடுப்பு மேல மூக்கை வச்சு மூச்சு விடச் சொல்றீங்களே.”

மெக்கானிக் அதை ஓரமாக வைத்தான். மூன்றாவதை எடுத்தான். பம்பருக்கு அடியில் குளிர்ந்த காற்றைப் பிடிக்கும் நீளக் குழாய். மழை பெய்து ரோட்டில் தண்ணீர் நின்றால் அதையும் சேர்த்துக் குடிக்குமா என்று அவள் கேட்டாள். அப்படிக் குடித்த வண்டி ஒன்று கொல்லையில் நிற்பதை அவன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் அலமாரி உச்சியிலிருந்து ஒன்றை இறக்கினான். நல்ல அகலக் குழாய். ஃபில்டருக்கு மூடிய பெட்டி. மாட்டினால் பெட்டியின் வாய் முன் கிரில்லைப் பார்த்து இருக்கும். சூடும் ஏறாது, தண்ணீரும் வராது. மனைவி தலையசைத்தாள். இன்ஸ்பெக்டருக்கு ஒரே ஒரு கவலைதான். சத்தம் வருமா? தெருவே திரும்பிப் பார்க்கும் என்றான் மெக்கானிக்.

“அப்ப மாட்டு.”

பழைய பெட்டி முழுசாகக் கழன்று வந்து மனைவியின் காலடியில் உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து டார்ச் பிடித்தார், யோசனை சொன்னார், மெக்கானிக்கின் விரலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் நின்றார். பொழுது போகாமல் அவள் அந்தப் பெட்டியின் கிளிப்புகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒரு கிண்டல்கூட பண்ணாமல் அவள் காரில் ஏறியது இன்ஸ்பெக்டருக்கே அதிசயமாக இருந்தது.

தண்ணித்தொட்டி மேடு. அவர் மிதித்தார்.

கார் ஒரு கணம் மூச்சை இழுத்தது. அப்புறம் விட்டது பாருங்கள் ஒரு பாய்ச்சல்! வண்டி முன்னால் போய்விட, அவர் வயிறு மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஐஸ் வண்டி ஒரு புள்ளியாகிக் கண்ணாடியில் மறைந்தது. வளைவு தாண்டினால் எதிரே ஒரு சிவப்பு முதுகு. டேங்க் நிறையத் தண்ணீரோடு தீயணைப்பு வண்டி ஒன்று மூச்சு வாங்கியபடி ஏறிக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், ஓரமாக ஒதுங்கினார். ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு, போ போ என்று ஆட்டியது.

உச்சியில் நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் ஸ்டீயரிங்கை முத்தமிடாத குறை.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி அவர் கதை சொல்லச் சொல்ல, தீயணைப்பு வண்டி இரண்டாகி, மூன்றாவதன் ஏணியும் நீண்டுவிட்டது. அங்கேயே காத்திருந்த மச்சினன் சாவிக்காக நீட்டிய கையை மடக்கவே இல்லை.

“மாமா அளக்கறாரு. நீ சொல்லுக்கா.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“மூணு இல்ல, ஒண்ணுதான். ஆனா ஒதுங்குச்சுடா. என் கண்ணால பார்த்தேன். எல்லாம் அந்தக் குழாய் பண்ண வேலை” என்றாள் அவள், போன வருடம் கணவர் தன் கையாலேயே மாட்டிய பழைய ஃபில்டரிலிருந்து சற்றுமுன் அவள் உரித்தெடுத்த, ‘மாட்டுவதற்கு முன் கழற்றவும்’ என்று அச்சடித்திருந்த அரைகுறையாய்க் கிழிந்த பிளாஸ்டிக் உறையைக் கைப்பையின் அடியில் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் திணித்தபடி.