ரேமுக்குத் துணைபோன தெர்மாகோல்

கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் சின்ன ரேம் அட்டை ஒன்று பார்சலில் வெளியூர் கிளம்பியது. அதைப் போர்த்தியிருந்த சாம்பல் நிறக் கவரைப் பார்த்துத் தெர்மாகோல் சிரித்தது.

"நகம் பட்டாக் கிழியற நீ, பிள்ளையைக் காப்பாத்தப் போறியா?"

"அடி விழுந்தா நீங்கதான் தாங்கணும் அக்கா. உரசினா ஒரு மின்பொறி வரும், அது பட்டாப் பிள்ளை உயிரே போயிடும். அதைத் தடுக்கத்தான் நான்" என்றது கவர்.

"எத்தனை டிவி, எத்தனை மிக்ஸியை அனுப்பிவெச்சவ நான். எனக்கே பாடமா?"

தெர்மாகோல் நெட்டித் தள்ளியதில் கவர் ரேமைவிட்டு நழுவிப் பெட்டிக்கு வெளியே விழுந்தது.

வழியெல்லாம் லாரி குலுங்கியது. "பயப்படாதே கண்ணு" என்று தெர்மாகோல் ரேமைக் கட்டிக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கொஞ்சியது.

"அம்மா, சுரீர்னு குத்துது. கொஞ்சம் விடேன்."

"வெளியில உலகம் எப்படிக் கிடக்கு தெரியுமா?" என்று இன்னும் இறுக்கிக்கொண்டது தெர்மாகோல்.

பெட்டியைப் பிரித்தார்கள். ரேமில் ஒரு கீறல்கூட இல்லை. கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார்கள். அதில் உயிரும் இல்லை.

"எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தது. வெளியே எடுத்தாங்க, போயிடுச்சு" என்று அட்டைப்பெட்டியிடம் மூக்கைச் சிந்தியது தெர்மாகோல்.

வாங்கியவர் தெர்மாகோலைத் தூசி தட்டி, அடுத்த பார்சலுக்கு ஆகுமென்று பரணில் பத்திரமாக ஏற்றிவைத்தார்.