காட்டர் பின்

“பையத் திருகு, மீனா. பைய.”

காசிமாயன் இரண்டு உள்ளங்கைகளாலும் மூடியை அழுத்திக்கொண்டிருந்தான். மூடிக்குக் கீழே, பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்க்குள், ஸ்பிரிங் திமிறிக்கொண்டிருந்தது. அவன் மனைவி பாண்டிமீனா வாசலில் உட்கார்ந்து, குழாயை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள்.

மரை கோணலாகப் பிடித்தால் குழாயே வீண். பிடிக்காமல் கை நழுவினால் மூடி எகிறி மூஞ்சியில் அடிக்கும்.

மூடி ஒரு சுற்று இறங்கியது. பிறகு இன்னொன்று.

அவன் மூச்சு விட்டான்.

“இம்புட்டுப் பயம் இருந்தா எதுக்கு நீங்களே கழட்டுறீங்க? மெக்கானிக்கிட்ட விட்டுருக்கலாம்ல?”

வேறு யாராவது செய்தால் அந்தப் பயம் இன்னும் கூடும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பாண்டிமீனா கால்நடை ஆய்வாளர். மாடுகளுக்குச் சினை ஊசி போட, திருவாதவூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவள்தான் போக வேண்டும். விந்துக் குச்சிகளை உறையவைத்திருக்கும் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு, கண்மாய்க்கரைப் பாதையில், தனியாக. ஸ்கூட்டர் தாங்காது என்று அவளே பார்த்து, அவளே வாங்கிய பழைய பைக் இது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டங்’கென்று இடிக்கும். பிரேக் பிடித்தால் வண்டி தலைகுப்புறக் கவிழ்வதுபோல முன்னால் இறங்கும்.

அந்தச் சத்தத்தை அவன் முதலில் கேட்டது போன மாதம்தான். அதற்குப் பிறகு ரோட்டில் யாருடைய வண்டி இடித்தாலும் அவன் திரும்பிப் பார்த்தான்.

காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். கறுத்துப்போன ஆயிலை வடித்தான். சிம்மக்கல்லில் வாங்கி வந்த புது ஆயில் சீல்களைத் தட்டி இறக்கினான். குழாய் வளைந்திருக்கிறதா என்று சிமெண்டுத் தரையில் உருட்டிப் பார்த்தான். வளையவில்லை. இருந்தாலும் மறுபடி உருட்டினான்.

சக்கரத்தை மாட்டி, அச்சைச் செருகி, நட்டை இறுக்கி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

“நான் ஓட்டிப் பாக்குறேன்,” என்றான்.

“தெனமும் ஓட்டப்போறது நான்தான?” பாண்டிமீனா சாவியை எடுத்துக்கொண்டாள். “முக்குல இருக்க ஸ்பீடு பிரேக்கர் வரைக்கும் போயிட்டு வாரேன்.”

வண்டி தெருமுக்கு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை.

ஆனால் அவள் திரும்பவில்லை. நேராக மேலூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டாள். லாரிகள் பறக்கிற ரோடு.

அவன் சாக்கில் கிடந்த சாமான்களைப் பொறுக்கக் குனிந்தான். ஸ்பேனர்களுக்கு நடுவில் ஒரு காட்டர் பின் கிடந்தது.

அச்சு நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதில் குத்தி வளைக்கிற சின்னக் கம்பி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அதிர்வுக்கும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

குத்தினேனா?

கடையில் புதிதாக ஒன்று வாங்கியது ஞாபகம் இருந்தது. குத்தியது ஞாபகம் இல்லை. கையில் எடுத்த பின்னில் கிரீஸ் அப்பிக் கிடந்தது. புதிதா, பழையதா, தெரியவில்லை.

அவளுக்குப் போன் அடித்தான். வீட்டுக்குள்ளிருந்து மணி கேட்டது.

ஓடினான். தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டதும்தான் செருப்புப் போடவில்லை என்பதே தெரிந்தது. இஸ்திரி வண்டிக்காரர் “என்னண்ணே, என்னாச்சு?” என்று கத்தினார். நிற்கவில்லை.

மேலூர் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தான். மணல் லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி போனது. அதன் புழுதி அடங்கியபோது, தூரத்தில் அவள் வந்துகொண்டிருந்தாள். நல்ல வேகம்.

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நின்றான்.

வண்டி அலுங்காமல் வந்து நின்றது.

“என்னங்க?”

அவன் முன்சக்கரத்துக்கு எதிரே மண்டியிட்டு, நட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினான். குத்தியிருந்தது. புதுக் காட்டர் பின். அவன் வளைக்கிற மாதிரியே, இரண்டு பக்கமும் மடக்கி.

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பழையது.

பாண்டிமீனா அதைப் பார்த்தாள். பிறகு அவனுடைய வெறுங்காலைப் பார்த்தாள்.

“ஏறுங்க,” என்றாள்.

பின்னால் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் கையைக் கழுவி, ஸ்பேனர்களைத் துடைத்துத் தன் தோள்பையில் போட்டு, அதை மாட்டிக்கொண்டான். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்கு எப்படி வாரீங்க?”

“திருநகர்லருந்து பஸ்லதான்.”

“பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நில்லுங்க. நான் வந்து ஏத்திக்கிறேன்.”

மறுநாள் குடும்பநலக் கோர்ட்டில் கடைசி வாய்தா. ஒன்றரை வருடமாக அவன் திருநகரில், அவள் ஒத்தக்கடையில். விவாகரத்துக்கு இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட மனு. யோசித்து வரச் சொல்லிக் கொடுத்த ஆறு மாதமும் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருமுறை ‘சரி’ என்று சொன்னால் போதும்.

“ஒரே வண்டியில போய் எறங்குனா ஜட்ஜ் என்ன நெனைப்பாரு, மீனா?”

“அவரு நெனைக்கிறத நெனைச்சுக்கிரட்டும்,” என்றாள் பாண்டிமீனா. “நீங்க நில்லுங்க.”