ரோஸ்லின் வரைந்த குழி

சிகந்தராபாத் பக்கத்து உப்பலில் அந்தக் காலனிக்கு மொத்தமே நான்கு தெரு, தெருவுக்கு ஒரு டிரெய்னேஜ் மூடி. ஒரே மாதத்தில் மூன்று மூடிகள் திருட்டுப் போய்விட்டன. திருடின இடத்தில் ஒரு குச்சியை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போகிற திமிர் வேறு அந்தத் திருடனுக்கு. மிச்சம் இருந்தது நான்காவது தெருவில், அசோசியேஷன் செக்ரட்டரி ரோஸ்லின் வீட்டு கேட்டுக்கு எதிரே இருந்த மூடி ஒன்றுதான்.

"இதுவும் போச்சுன்னா செக்ரட்டரி நாற்காலியையும் சேர்த்துக் கொடுத்துடணும்" என்று கூட்டத்தில் விஜயகுமாரி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த நாற்காலி மேல் அவளுக்கு இரண்டு வருஷமாக ஒரு கண். ரோஸ்லின் தூத்துக்குடிக்காரி, ரோஷக்காரி. போனால் கொடுத்துவிடுகிறேன் என்று அத்தனை பேர் முன்னால் வாயை விட்டுவிட்டாள்.

குக்கர் விசில் அடிக்கும்வரை போனில் விசித்திரப் படங்களாகப் பார்ப்பது ரோஸ்லினின் வழக்கம். அருவி மாதிரி பெயின்ட் அடித்த மாடிப்படி, செருப்பு மாதிரி செய்த கேக், சுவரைப் பிய்த்துக்கொண்டு வருகிற முதலை. இதையெல்லாம் பார்த்து என்னத்துக்கு ஆகப்போகிறது என்று புருஷன் ஆண்டனி கேட்காத நாள் கிடையாது.

ஆனது. வெறும் தரையில் எவனோ கிணறு வரைந்திருந்த படத்தைப் பார்த்ததும் ரோஸ்லினுக்குப் பொறி தட்டியது. மூடி இருந்தால்தானே திருடுவான்? வேறொருவன் முந்திக்கொண்டான் என்று திருடனையே நம்ப வைத்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை எனாமல் பெயின்ட்டும் கையுமாக உட்கார்ந்து, மூடியின் மேலேயே திறந்த குழி ஒன்றை வரைந்து முடித்தாள். சுற்றிலும் செங்கல், உள்ளே கும்மிருட்டு, அடியில் மினுங்கும் தண்ணீர், விளிம்பில் ஒரு கரப்பான் பூச்சி. பால் வாங்கி வந்த ஆண்டனி அதைத் தாண்டிக் குதித்ததில் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது. பால் போனால் போகிறது, ரோஸ்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. திருடன் காதுக்கு எட்டிவிடக் கூடாதே என்று வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு ட்ராலி ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவன் குழியை எட்டிப் பார்த்தான். பிறகு பால்கனியில் நின்ற ரோஸ்லினை அண்ணாந்து பார்த்து, "மூதேவி!" என்றான். அவள் காதில் அது தெளிவாகவே விழுந்தது. தெலுங்கு தேசத்தில் ஒருத்தன் நல்ல தமிழில் திட்டுகிறானே, நம்ம ஊர்க்காரப் பயலோ என்று நினைத்தாள். கோபம் ஒரு பக்கம், ஏமாந்து போனானே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அதே ட்ராலி, அதே ஆள். வண்டிக்கும் தெருவுக்கும் நடுவே சாய்த்த பலகையில், சேறு அப்பிய அடிப்பக்கம் மேலாக ஒரு மூடி. அவன் கையில் கடப்பாரை. கீழே குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

ரோஸ்லின் பால்கனியிலிருந்து பார்த்தாள். மூடியும் போச்சு, நாற்காலியும் போச்சு. அவள் போட்ட சத்தத்தில் ஆண்டனி ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடித்தான். முதலில் வந்து சேர்ந்தது விஜயகுமாரிதான். குழிக்கு நாலடி தள்ளி நின்று, "பாத்து வாங்க, விழுந்துடப் போறீங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

தகவல் கேட்டு வந்த ஹெட் கான்ஸ்டபிள் ஜெகதீஸ்வரன் நாலு தலைமுறையாக சிகந்தராபாத்தில் இருக்கிற தமிழர். ட்ராலிக்காரன் கும்பிட்டபடி அவரிடம் தெலுங்கில் கொட்டித் தீர்த்தான்.

"அவன் பேச்சைக் கேக்காதீங்க சார். கையும் களவுமா பிடிச்சிருக்கோம். நேத்து என்னை மூதேவின்னு வேற ஏசினான், அதையும் எழுதுங்க" என்றாள் ரோஸ்லின்.

ஜெகதீஸ்வரன் எழுதவில்லை. லத்தியைக் குழிக்குள் விட்டார். டங் என்றது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ரோஸ்லினின் மூடி இருந்த இடத்திலேயே இருந்தது, கரப்பான் பூச்சி உட்பட.

"அப்ப வண்டியில இருக்கது?" என்று கேட்டான் ஆண்டனி.

"ரெண்டாவது தெரு மூடி. ஆமா, திருடினது இவன்தான், ஒத்துக்கறான். ஆனா மூதேவின்னு சொல்லல மேடம். 'மூத ஏதி'ன்னு தெலுங்குல கேட்டிருக்கான். மூடி எங்கேன்னு அர்த்தம்."

"திருடினவன் எதுக்கு சார் மூடியைத் திரும்பக் கொண்டு வரணும்?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"இவன் திருடினா சிவப்புத் துணி கட்டிட்டுத்தான் போவானாம், யாரும் விழுந்துடக் கூடாதுன்னு. இங்க அதுவும் இல்ல. மனசு கேக்காம, விக்காம வெச்சிருந்த மூடிய எடுத்துட்டு மூட வந்திருக்கான்."

ஜெகதீஸ்வரன் விஜயகுமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணும் கேக்கறான் மேடம். நேத்துலேர்ந்து இப்படிக் குழி திறந்து கிடக்குதே, இந்தக் காலனிக்கு செக்ரட்டரின்னு ஒருத்தர் இருக்காங்களா இல்லையான்னு."