பக்கத்து வீட்டுச் சூடு

வெளியே மைனஸ் முப்பத்தைந்து. பக்கத்து வீட்டு நெசிப்போ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் பனியனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிர்ஜானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிய வீடு அது. வீட்டைச் சூடாக்க ஆளுக்கொரு கேஸ் பாய்லர். விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினான்.

"ஏன் அண்ணே, கொஸ்தனாய் ஊரையே சூடாக்கப் போறீங்களா? பாய்லரை எத்தனை டிகிரியில வெச்சிருக்கீங்க?"

"இருபத்தெட்டு."

"இருபத்தெட்டா! நான் பதினேழுலதான் வெச்சிருக்கேன். வீடு கதகதன்னு இருக்கு. இந்தக் குளிர்ல நீங்க இப்படி இழுத்தா, கேஸ் குழாயில பிரஷர் குறைஞ்சு என் பாய்லர் அணைஞ்சிடும். நாற்பது நாள் கழியாத பிள்ளை இருக்கு வீட்ல, தெரியுமில்ல?"

"தெரியும் தம்பி, அதான்..."

"ஒண்டிக்கட்டைக்கு எதுக்கண்ணே இவ்வளவு சூடு?"

"சரி, குறைச்சிடறேன்" என்று நெசிப் உள்ளே போய் பாய்லரைக் குறைத்து, ஜன்னலைச் சாத்தினார்.

அன்று வேலைக்குப் போன இடமெல்லாம் பிர்ஜானுக்கு இதே பேச்சுதான். "பதினேழு போதும்ப்பா. வீட்டை நடத்தத் தெரியணும்!"

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி கம்ஷாத் பாய்ந்தாள்.

"என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க? பிள்ளை கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு!"

பதினேழை இருபதாக்கினான். இருபத்தைந்தாக்கினான். பாய்லர் ஓயாமல் உறுமியது. அறை மட்டும் சூடாவேனா என்றது. பாய்லருக்கும் தொட்டிலுக்குமாக நாலு தடவை ஓடினான். எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை.

குழந்தை இருமியது.

"சுவர் வெதுவெதுன்னு இருக்குன்னுதானே தொட்டிலை இங்க போட்டேன்? இப்ப தொட்டுப் பாருங்க!"

தொட்டான். பனிக்கட்டி. அது நடுச்சுவர்.

பூட்ஸைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான். கதவைத் திறந்த நெசிப் இப்போது ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"அண்ணே..." வெட்கம் பிடுங்கித் தின்றது. "பழையபடியே வெச்சிடுங்கண்ணே."

நெசிப் அதற்குள் பாய்லரின் சூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த புதுசுல இருமிக்கிட்டே இருந்துச்சு. சுவர் வழியா எனக்குக் கேட்கும். நாற்பது கழியற வரைக்குமாவது அந்தப் பக்கம் சூடா இருக்கட்டுமேன்னுதான்..."

"அப்ப அந்த ஜன்னல்?"

"எனக்கு அவ்வளவு சூடு ஆகாதே, தம்பி!"