பம்பருக்கு ஒரு குழாய்

"வண்டிக்கு முன்னாடி பம்பர் வைக்கணும். கனமில்லாத குழாயா குடுங்க தம்பி" என்றாள் அந்த அம்மாள்.

கடைக்காரர் தடித்த இரும்புக் குழாய் ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இதைப் போடுங்கம்மா. மலையில மோதினாலும் வளையாது."

"ஐயோ, இதை வச்சா வண்டி நகரவே நகராது."

சரியான கஞ்சம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். "மெல்லிசு போட்டா முதல் இடியிலேயே நசுங்கிடும்மா. வண்டி ஓட்டுறது யாரு?"

"என் பையன். ஊரு ஊரா லாரி ஓட்டினவன்."

"லாரி ஓட்டினவருக்கா பம்பர்?" கடைக்காரர் சிரித்தார்.

"இந்த வண்டி அவனுக்குப் புதுசு. தினமும் எதுலயாவது இடிச்சுக்கறான்."

"எங்கம்மா, ரோட்டிலயா?"

"இல்ல தம்பி. கதவுல, கட்டில்ல."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"சக்கர நாற்காலிப்பா. அவன் கால்தான் முதல்ல போய் மோதுது. ரத்தம் வந்தாக்கூட அவனுக்குத் தெரியறதில்ல. நான் பதறினாத்தான் குனிஞ்சு பார்க்கறான்."

கடைக்காரர் மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து, அவள் சொன்ன அளவுக்கு வெட்டினார். பிறகு தலை நிமிராமல், வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.