இன்னொரு கால்

ரிச்சர்ட்ஸ் டவுனில் சுப்ரியா வீட்டு ஸ்டெல்லாவை, அங்கே வேலை செய்யும் யசோதா வாக்கிங் அழைத்துப்போனபோது ஆட்டோ ஒன்று இடித்துவிட்டது. இரண்டு பேருக்குமே காலில் அடி.

சுப்ரியா பதறி வந்து இருவரையும் காரில் ஏற்றினாள்.

டாக்டர் ஸ்டெல்லாவுக்கு எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்.

"செலவைப் பத்திக் கவலையில்ல டாக்டர். இவளுக்கு இன்சூரன்ஸ் இருக்கு," என்றாள் சுப்ரியா.

யசோதா வீங்கிய முழங்காலைக் காட்டினாள். "சார், என் காலையும் பாருங்களேன்."

"உன்னைப் பார்க்கிற ஆஸ்பத்திரி வேறம்மா."

"அங்க போனா இன்சூரன்ஸ் இருக்கான்னு கேப்பாங்க, எனக்கேது? ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார். ஸ்டெல்லா கணக்குலயே இன்னொரு கால்னு எழுதிடுங்க. அவளுக்குத்தான் நாலு இருக்கே!"

மேசைமேல் படுத்திருந்த ஸ்டெல்லா, சம்மதம் என்பதுபோல் வாலை ஆட்டினாள்.